மாதவி அமுக்கிய அட்டைகள்

கிள்ளானிலிருந்து விமான நிலையத்துக்குப் போகிற சாலை கமலநாதனுக்கு அத்துப்படி. எந்த வளைவில் போலீஸ் நிற்கும், எந்த டோலில் வரிசை குறைவு என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். ஐந்து முறை போயிருக்கிறார். ஐந்து முறையும் ஓட்டுநராக.

கிள்ளானை அடுத்த மேருவில் அவர் வேலை செய்யும் ரப்பர் தொழிற்சாலை ஜப்பான்காரர்களுடையது. சில வருஷங்களுக்கு ஒருமுறை ஒரு டெக்னீஷியனைத் தேர்ந்தெடுத்து ஒசாகாவிலுள்ள தாய்த் தொழிற்சாலைக்கு ஆறு மாதப் பயிற்சிக்கு அனுப்புவார்கள். போகிறவனிடம் பெரிய பெட்டி இருக்கும். கமலநாதனிடம் பழைய வேன் இருந்தது. "அண்ணே, உங்க வேன்ல கொஞ்சம் கொண்டுபோய் விட்டுருங்கண்ணே" என்பார்கள். இவரும் பல்லைக் காட்டிக்கொண்டு ஓட்டிப்போய், பெட்டியை இறக்கி, கைகுலுக்கி, கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் அந்த ஆள் மறையும்வரை கையாட்டிவிட்டு வருவார். திரும்பி வருகிற ஒரு மணி நேரமும் வயிறு எரிந்துகொண்டே இருக்கும்.

போனவர்கள் ஆறு மாதம் கழித்துத் திரும்பி வந்து, சம்பளம் ஒரு படி ஏறி, பேச்சையெல்லாம் "ஒசாகாவுல இப்படி இல்ல லா" என்று தொடங்குவார்கள். கமலநாதனுக்கு ஆளுக்கொரு பிஸ்கட் டின் கொண்டுவந்து கொடுத்தார்கள். ஐந்து டின்கள். தூக்கி எறிய மனம் வராமல் மனைவி மாதவி அவற்றில் மல்லி, சீரகம், மிளகாய் என்று போட்டு அடுப்படி மேடையில் அடுக்கி வைத்தாள். தினமும் காலையில் தேநீர் போடப் போகும்போது ஐந்து ஒசாகாவும் வரிசையாக நின்று அவரைப் பார்க்கும்.

இப்படிப்பட்ட மனிதரை நல்லவர் என்பதா கெட்டவர் என்பதா என்று எனக்கு இன்னும் தெரியாது. ஜெஞ்சாரோம் தோட்டத்தில் செம்பனைக் குலை வெட்டியவரின் மகன். எஸ்பிஎம் பள்ளித் தேர்வு முடித்து இருபது வயதில் மேருவுக்கு வந்தவர், இருபத்தைந்து வருஷமாக அதே தொழிற்சாலையில் அதே ரப்பர் வார்க்கும் அச்சு இயந்திரங்களைக் கட்டி மேய்க்கிறார். யாருக்கும் கெடுதல் செய்ததில்லை. யாருக்காவது நல்லது நடந்தால் மட்டும் அன்று இரவுச் சாப்பாடு இறங்காது. பக்கத்து வீட்டுக்காரர் தானாகத் திறக்கும் கேட் போட்டபோது மூன்று நாள் அந்தப் பக்கமே திரும்பாமல் வீட்டுக்குள் நுழைந்தார். அவருக்கே இது தெரியும். தெரிந்து என்ன செய்ய?

போன வருஷம் தொழிற்சாலை ஒரு புது விதி போட்டது. இனி மேலாளர் கைகாட்டும் ஆள் போக முடியாது. டிசம்பர் முதல் ஞாயிற்றுக்கிழமை கோலாலம்பூரில் நடக்கும் ஜப்பானிய மொழித் தேர்வில் தேறுகிறவர்தான் போகலாம். தேறியவர்களில் சீனியருக்கு முன்னுரிமை. நோட்டீஸ் பலகை முன்னால் நின்று கமலநாதன் அதை நான்கு முறை படித்தார். அவரைவிட சீனியர் எவனும் மிச்சமில்லை. தேறினால் போதும், ஆறாவது பெட்டி அவருடையது.

ஏழு பேர் வகுப்பில் சேர்ந்தார்கள். ஆசிரியர் எல்லோர் போனிலும் ஓர் ஆப்பை ஏற்றச் சொன்னார். அதில் ஆயிரத்து ஐந்நூறு அட்டைகள். அட்டையில் ஜப்பானியச் சொல் வரும், மனதுக்குள் பொருளைச் சொல்லிவிட்டுத் திருப்பிப் பார்க்க வேண்டும். தெரிந்திருந்தால் 'தெரியும்' என்ற பொத்தான், தெரியாவிட்டால் 'தெரியாது'. தெரியாத சொல் மறுநாளே மறுபடி வரும். தெரிந்த சொல் நான்கு நாள் கழித்து, பிறகு பத்து நாள், பிறகு ஒரு மாதம் என்று தள்ளித் தள்ளி வரும். ஒருநாள் பார்க்காமல் விட்டால் அன்றைய அட்டைகள் மறுநாளுடையவற்றோடு சேர்ந்து குவியும். எத்தனை பாக்கி என்று மேலே சிவப்பில் ஓர் எண் நிற்கும். வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்குள் அந்த எண்ணைப் படம் பிடித்து வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் போட வேண்டும் என்பது ஆசிரியர் வைத்த சட்டம்.

வகுப்பில் பிரவின் என்று ஒருவன் இருந்தான். இருபத்தாறு வயது, மெல்லிய மீசை, எதற்கெடுத்தாலும் "ஓக்கே அண்ணே". வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்கெல்லாம் அவன் காத்திருப்பதில்லை, காலை ஏழுக்கே பூஜ்யத்தைப் போட்டுவிடுவான். பூஜ்யத்துக்குப் பக்கத்தில் ஒரு சிரிக்கும் முகம் வேறு. அந்தச் சிரிக்கும் முகத்தைப் பார்த்தாலே கமலநாதனுக்குக் காலை ரொட்டி சானாய் கசக்கும்.

மே மாதம் புது அச்சு இயந்திரம் வந்தது. அதைப் பொருத்தி ஓடவிடும்வரை பன்னிரண்டு மணி நேர வேலை, ஞாயிறும் கிடையாது. இரண்டு மாதம் அவர் ஆப்பைத் திறக்கவே இல்லை. வேலை ஒரு வழியாக முடிந்து திறந்தபோது சிவப்பு எண் எண்ணூற்று எழுபத்து மூன்று என்றது. ஆப்பை மூடிவிட்டுத் திரும்பத் திறந்து பார்த்தார். எண் அசையவில்லை.

முதல் நாள் உட்கார்ந்து நூறு பார்த்தார். எழுபது தெரியவில்லை. அந்த எழுபதும் மறுநாள் புதியவற்றோடு சேர்ந்து வந்து நின்றன. மூன்று நாள் கழித்துப் பார்த்தால் பாக்கி குறைந்தது வெறும் இருபத்தொன்று. மறுநாள் வெள்ளிக்கிழமை.

அப்போதுதான் அவருக்கு அந்த யோசனை வந்தது. மாதவி கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை செய்கிறாள். காலை ஆறு பத்துக்குக் கிள்ளானில் கொமுட்டர் ரயில் ஏறினால் கேஎல் சென்ட்ரல் போய்ச் சேர ஒரு மணி நேரத்துக்கு மேல். திரும்பி வர அதே அளவு. மகள் பெர்லிஸில் படிக்கப் போனதிலிருந்து டிரெய்னில் மகளோடு போனில் பேசிக்கொண்டு வந்தாள், மகளுக்குப் பரீட்சைகள் தொடங்கியதும் அதுவும் நின்றது. சும்மா ஜன்னலைத்தானே பார்த்துக்கொண்டு வருகிறாள்?

"மாதவி, உன் போன்ல என் ஆப்பைத் திறந்து வைக்கிறேன். டிரெய்ன்ல போகும்போது சும்மா அமுக்கிக்கிட்டே வா. நம்பர் குறைஞ்சா போதும்."

"எதை அமுக்குறது?"

"'தெரியும்'னு இருக்கும் பாரு, அதை."

மாதவி போனை வாங்கி முதல் அட்டையைப் பார்த்தாள். பூச்சி ஊர்ந்த மாதிரி மூன்று எழுத்து. "தெரியாததைத் தெரியும்னு எப்படிங்க அமுக்குறது?"

"உனக்கா எக்சாம்? எனக்குத்தானே. அமுக்கு லா."

அவள் போனைப் பைக்குள் போட்டுக்கொண்டாள். வெள்ளிக்கிழமைகளில் எண் குறைந்துகொண்டே வந்தது. எழுநூறு, ஐந்நூற்றுப் பத்து, இருநூற்று எண்பது. செப்டம்பர் முதல் வாரம் கமலநாதன் குழுவில் பூஜ்யத்தைப் போட்டார். சிரிக்கும் முகத்தையும் சேர்த்தார். ஆசிரியர் கைதட்டும் படம் அனுப்பினார். மறுநாள் கேன்டீனில் பிரவின் தட்டோடு வந்து எதிரே உட்கார்ந்து, "அண்ணே, எப்படிண்ணே பிடிச்சீங்க? எண்ணூறு அட்டை!" என்று கேட்டான். அவன் குரலில் ஒரு புகைச்சல் இருந்தது. கமலநாதனுக்கு அந்த வாசனை நன்றாகத் தெரியும், இருபத்தைந்து வருஷமாகத் தன்னிடமிருந்தே வீசுகிற வாசனை. இப்போது அடுத்தவனிடமிருந்து வீசியபோது அவ்வளவு சுகமாக இருந்தது. "டிசிப்ளின் வேணும் தம்பி" என்றார்.

அந்த எண்ணூறில் தனக்குப் பாதிகூடத் தெரியாது என்பது அவருக்கு மறந்துவிடவில்லை. நவம்பரில் ஒரு மாதம் உட்கார்ந்தால் பிடித்துவிடலாம் என்று நினைத்தார். இன்னும் நாள் இருக்கிறது என்று நினைப்பதில் மனிதர் கெட்டிக்காரர்.

தீபாவளிக்கு ஐந்து நாள் முன்னால் மாதவியின் கடைக்கு ஒரு ஜப்பானிய மூதாட்டி வந்தாராம். பக்கத்து ஹோட்டலில் தங்கியிருந்தவர், கண்ணாடியின் மேல் உட்கார்ந்து ஒடித்துவிட்டார். ஆங்கிலம் வராது. முதலாளி கையும் காலும் ஆட்டிக்கொண்டு நின்றபோது மாதவி முன்னால் வந்து பேசியிருக்கிறாள். கண்ணாடியை இன்று சாயங்காலத்துக்குள் சரிசெய்து தருகிறோம், அதுவரை இந்தப் பழைய கண்ணாடியைப் போட்டுக்கொள்ளுங்கள், வெளியே மழை, குடை இருக்கிறதா என்று. முதலாளி சந்தோஷம் தாங்காமல் அதைப் போனில் பிடித்துவிட்டார்.

கமலநாதன் அந்த வீடியோவைத் தீபாவளியன்று தன் வீட்டுக் கூடத்தில், இருபது விருந்தாளிகளோடு சேர்ந்துதான் முதன்முதலாகப் பார்த்தார். மாதவியின் அக்கா தங்கமணி எல்லோருக்கும் காட்டிக்கொண்டிருந்தாள். நாற்பது விநாடி. அந்த மூதாட்டி மாதவியின் கையைப் பிடித்துக்கொண்டு படபடவென்று என்னவோ சொல்கிறார். மாதவி சிரித்துப் பதில் சொல்கிறாள். கமலநாதனுக்கு 'மழை' புரிந்தது. 'கண்ணாடி' புரிந்தது. மற்றதெல்லாம் புரியவில்லை. தன் சொந்தப் பெண்டாட்டி தன் வீட்டுக் கூடத்தில் தனக்குப் புரியாத பேச்சைப் பேசுகிறாள், அதுவும் தான் பேச வேண்டிய பேச்சை.

"கமலநாதா, வீட்டுலயே டீச்சர வச்சுக்கிட்டு வெளியில கிளாஸுக்குப் போறியே!" என்றாள் தங்கமணி.

முறுக்கைக் கடித்துக்கொண்டிருந்த பிரவின் வீடியோவை இரண்டாவது முறை ஓட்டிப் பார்த்தான். பிறகு மெல்ல, "அண்ணே, வெள்ளிக்கிழமை பூஜ்யம் யாருதுண்ணே? உங்களுதா, அக்காவுதா?" என்றான். விளையாட்டாகத்தான் கேட்டான். எல்லோரும் சிரித்தார்கள், கமலநாதனும் சிரித்தார். காது மட்டும் சூடாகிவிட்டது.

விருந்தாளிகள் போனதும் அறைக்குள் போய் ஆப்பின் பாஸ்வர்டை மாற்றினார்.

மறுநாள் வெள்ளிக்கிழமை, விடுமுறை. காலையில் நிமிர்ந்து உட்கார்ந்து, இன்றிலிருந்து நானே என்று ஆப்பைத் திறந்தார். அன்றைக்குப் பதினோரு அட்டைகள்தான் வந்தன. பதினொன்றும் மாதவிக்குத் தகராறு கொடுக்கிற முரட்டுச் சொற்கள். அவருக்கு இரண்டு தெரிந்தது. பதினொன்றையும் முடித்ததும் ஆப் வண்ணக் காகிதம் தூவி, "அருமை! இன்றைய வேலை முடிந்தது" என்றது. மற்ற சொற்கள் எங்கே என்று தேடினார். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு தேதி இருந்தது. ஜனவரி மூன்று. ஜனவரி இருபது. பிப்ரவரி பதினான்கு. மாதவி ஒன்றைக்கூடச் சும்மா அமுக்கவில்லை. எழுத்தைக் கற்று, சொல்லைக் கற்று, தெரிந்ததற்கு மட்டும் தெரியும் என்று அமுக்கியிருக்கிறாள். அதனால் ஆப் அவள் மண்டையை அளந்து வைத்துக்கொண்டு, அவளுக்கு எது எப்போது மறக்கும் என்று பார்த்து அன்றைக்கு அனுப்புகிறது. பெயர் கமலநாதன், மண்டை மாதவியுடையது. தேர்வோ டிசம்பரில்.

ஆப்பின் ஓரத்தில் ஒரு பட்டியல் இருந்தது. அதில் கடைசி வரி: எல்லா அட்டைகளையும் முதலிலிருந்து தொடங்கு.

இந்த இடத்தில் அவருக்காகப் பொய் சொல்ல நான் தயாராக இல்லை. இன்னொரு பெயரில் புதுக் கணக்கு திறக்க இரண்டு நிமிஷம் போதும், அது அவருக்குத் தெரியும். அப்படிச் செய்திருந்தால் அவளுடைய தேதிகள் அப்படியே இருந்திருக்கும். இருக்கக் கூடாது என்றுதான் அந்த வரியை அமுக்கினார். "உறுதியாகவா?" என்று ஆப் கேட்டது. ஆம். சிவப்பு எண் ஆயிரத்து ஐந்நூறு ஆனது. பக்கத்து வீட்டு கேட் ரிப்பேராகி நின்ற அன்று வந்த அதே சந்தோஷம் வந்தது.

அடுத்த நாள் சாயங்காலம் வேலையிலிருந்து வந்த மாதவி, பையை மேசையில் வைத்துவிட்டுக் கேட்டாள்.

"என்னங்க, ஆப் உள்ள விட மாட்டேங்குது."

"பாஸ்வர்ட் மாத்திட்டேன். எக்சாம் எனக்குத்தானே? இனிமே நானே பார்த்துக்கிறேன்."

மாதவி மேசையிலிருந்து பையை எடுத்துக்கொண்டாள். "சரிங்க" என்றாள். சண்டை போட்டிருந்தால் அவருக்கு வசதியாக இருந்திருக்கும். அவள் சோறு வைக்கப் போய்விட்டாள்.

நான்கு வாரத்துக்கு ஆயிரத்து ஐந்நூறு. வேலைக்குப் போகுமுன் முப்பது, கேன்டீனில் பதினைந்து, வீட்டுக்கு வந்து இருபது என்று கமலநாதன் மாடாய் உழைத்தார். இரண்டாம் நாள்தான் ஒன்றைக் கவனித்தார். அட்டையைத் திருப்பினால் பொருளுக்குக் கீழே சின்ன எழுத்தில் ஒரு குறிப்பு. நாமே எழுதி வைத்துக்கொள்ள ஆப் கொடுத்த இடம் அது. தேதிகளை அழித்த பொத்தான் குறிப்புகளைத் தொடவில்லை. எல்லாம் தமிழில், மாதவி எழுதியது.

'தேடு' என்ற சொல்லுக்குக் கீழே: இவர், காலுறை, தினமும் காலை ஐந்தரை. 'கனமான': பெர்லிஸுக்கு மகளின் பெட்டி. 'நிற்க': சுபாங் ஜெயா ஸ்டேஷன் வரைக்கும். 'பழைய': வேன். 'ஓட்டு' என்ற சொல்லுக்குக் கீழே: லைசென்ஸ் எடுத்துப் பத்து வருஷம், இவர் சாவியைத் தர மாட்டார்.

முதலில் எரிச்சல் வந்தது. பிறகு, சொல்லவே வெட்கமாக இருந்தாலும், குறிப்பு இருந்த அட்டைகள் சட்டென்று மனதில் நின்றன. பத்து முறை பார்த்தும் ஒட்டாத சொல் காலுறையோடு ஒட்டிக்கொண்டது. அவள் வழியில்லாமல் தன்னால் படிக்க முடியவில்லை என்பது அவருக்கு இன்னும் ஆத்திரத்தைக் கிளப்பியது. அந்த ஆத்திரத்தோடேயே அடுத்த அட்டையைத் திருப்புவார்.

ஒரு நாள் 'தினந்தோறும்' என்ற சொல் வந்தது. கீழே: நீலச் சட்டை அங்கிள், பத்து தீகா ஸ்டேஷன். இரண்டு நாள் கழித்து 'அன்பான': நீலச் சட்டை அங்கிள், இடம் கொடுத்தார். கமலநாதன் போனைக் கவிழ்த்து வைத்தார். அன்று ஓர் அட்டைகூட ஓடவில்லை. சாயங்காலம் மாதவி வந்து செருப்பைக் கழற்றும்போதே கேட்டார்.

"டிரெய்ன்ல யாரு அந்த நீலச் சட்டை?"

மாதவி முதலில் முழித்தாள், பிறகு சிரித்துவிட்டாள். "அந்தச் சீன அங்கிளா? எழுபது வயசுங்க. டயாலிசிஸுக்குப் போறவரு. நான் போன்ல முழிச்சிக்கிட்டு நிக்கிறதைப் பார்த்துட்டு, உட்கார்ந்து படி பொண்ணுன்னு எழுந்திருச்சாரு. நான் உட்காரல." செருப்பை ஓரமாகத் தள்ளி வைத்தாள். "ஓ, குறிப்பெல்லாம் படிக்கிறீங்களா?"

கமலநாதன் கவிழ்த்து வைத்திருந்த போனை நிமிர்த்தினார். எழுபது வயது நோயாளி மேலும் பொறாமைப்பட முடியும் என்று தன்னைப் பற்றி அன்றுதான் புதிதாகத் தெரிந்துகொண்டார்.

அந்த வாரங்களில் மாதவி கடையிலிருந்து லென்ஸ் போட்டு வரும் சின்னக் காகித உறைகளைக் கட்டுக்கட்டாகக் கொண்டுவந்தாள். சமைத்துக்கொண்டே, துணி காயப் போட்டுக்கொண்டே அவற்றை எடுத்து எடுத்துப் பார்ப்பாள். கடை வேலையை வீட்டுக்குத் தூக்கிவருகிறாள் என்று அவர் நினைத்தார். கேட்கவில்லை. முதலாளி பாராட்டியதில் தலைகால் புரியவில்லை போல என்று மட்டும் நினைத்துக்கொண்டார்.

தேர்வுக்கு எட்டு நாள் இருந்தது. சனிக்கிழமை காலை. மாதவிக்கு அன்று மதிய ஷிப்ட், பின்பக்கம் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். கமலநாதன் சாப்பாட்டு மேசையில் ஆயிரத்து இருநூற்று எத்தனையாவதோ அட்டையில் இருந்தார். 'ஷிகென்' என்று ஒரு சொல் வந்தது. வகுப்பில் ஆசிரியர் ஓயாமல் சொல்கிற சொல், இது தெரியாமலா? தேர்வு. திருப்பினார். சரிதான். கீழே குறிப்பு இருந்தது.

டிசம்பர் முதல் ஞாயிறு. நானும் பதிந்துவிட்டேன். இவரும் நானும் ஒரே டிரெய்னில் போகணும். இன்னும் சொல்லவில்லை. பூஜ்யம் வந்ததும் சொல்லணும்.

அவர் அதை மூன்று முறை படித்தார். செப்டம்பரில் பூஜ்யம் வந்தது. வந்த அன்று அதை வாங்கிக் குழுவில் போட்டு, கைதட்டல் வாங்கி, மறுநாள் முழுக்க பிரவின் முகம் கறுத்த கதையைத்தான் அவளிடம் சொன்னார். அவள் எதையாவது சொல்ல வாயெடுத்தாளா? நினைவில்லை. பார்த்திருந்தால்தானே நினைவிருக்கும்.

எழுந்து அவள் பையைத் திறந்தார். லென்ஸ் உறைகள் ரப்பர் வளையம் போட்டுக் கட்டுக்கட்டாக இருந்தன. ஒன்றை உருவினார். மேலே பேனாவில் ஜப்பானியச் சொல். உறைக்குள் ஒரு துண்டுக் காகிதம், அதில் பொருள். எல்லா உறைகளும் அப்படியே. ஒரு கட்டின் மேல் 'நாளைக்கு' என்று எழுதியிருந்தது, இன்னொன்றின் மேல் 'நாலு நாள் கழிச்சு', மூன்றாவதன் மேல் 'தேர்வுக்கு முந்தின நாள்'. ஆப் செய்கிற வேலையை அவள் கையாலேயே செய்துகொண்டிருந்தாள்.

பின்பக்கம் போய் நின்றார். மாதவி அவருடைய வேலைச் சட்டையை உதறிக்கொண்டிருந்தாள். அவர் கையில் உறையைப் பார்த்ததும் நிறுத்திவிட்டாள்.

"உன் தேதியையெல்லாம் நான்தான் அழிச்சேன்" என்றார். "தெரியாம இல்ல. வேணும்னேதான்."

"தெரியும்."

"எப்படி?"

"ஆயிரத்து ஐந்நூறுன்னு வெள்ளிக்கிழமை குரூப்ல போட்டீங்களே. தங்கமணி அக்காகிட்ட பிரவின் சொல்லிச் சிரிச்சானாம்."

"அப்புறம் ஏன் ஒண்ணும் கேக்கல?"

மாதவி சட்டையைக் கொடியில் போட்டு, கிளிப்பைக் குத்தினாள். "என்னன்னு கேக்கிறது? ஆப் உங்க பேருல இருக்கு. நாலு மாசமா நின்னுக்கிட்டே படிச்சேன், அத்தனை நாளும் உங்க பேருலதான் ஏறியிருக்கு. அழிச்சா எது என்னுதுன்னு வந்து கேப்பேன்? அதான் உறையில எழுதினேன். இதுலயாவது என் கையெழுத்து இருக்கும்."

கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் அவரும் ஏதாவது சொல்லித் தப்பித்திருப்பார். கொடியின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு வாளியிலிருந்து ஈரத் துணியை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தார். அவ்வளவுதான் அவரால் முடிந்தது.

தேர்வு அன்று இருவரும் ஒரே டிரெய்னில் போனார்கள். ஓர் இடம்தான் கிடைத்தது. மாதவி, "உட்காருங்க" என்றாள். அவர் அவளை உட்காரவைத்துவிட்டு, பாடாங் ஜாவா ஸ்டேஷனிலிருந்து உறைகளை ஒவ்வொன்றாக எடுத்து அவள் முன்னால் காட்டினார். அவள் பொருள் சொன்னாள். நாற்பது சொற்கள்வரை ஒருமுறைகூடத் தடுமாறவில்லை. நாற்பத்தொன்றாவதில் தடுமாறினாள். அந்த ஒரு கணம் அவர் மனம் துள்ளியதை மறைக்க நினைத்தார், முடியவில்லை. மாதவி பார்த்துவிட்டாள். "சந்தோஷமா?" என்றாள். "ஆமா லா" என்றார் அவர். எதிர் இருக்கைக்காரி திரும்பிப் பார்க்கும்படி இருவரும் சிரித்தார்கள்.

ஜனவரி கடைசியில் முடிவு வந்தது. மாதவி தேறியிருந்தாள். வகுப்பில் பிரவின் மட்டும் தேறியிருந்தான். கமலநாதனுக்கு மூன்று மதிப்பெண் குறைந்தது.

பொறாமை அன்றோடு அவரை விட்டு ஓடிவிட்டது என்று எழுதினால் அது அவரைப் பற்றிய கதையாக இருக்காது. மாதவியின் சான்றிதழைத் தங்கமணி சட்டம் போட்டுக் கொண்டுவந்தபோது, சுவரில் ஆணி அடிக்கச் சொன்னார்கள். அடித்தார். சுத்தியல் ஆணியைவிட விரலில்தான் அதிகம் விழுந்தது.

மார்ச் மாதம் பிரவின் வந்து தலையைச் சொறிந்தான். "அண்ணே, உங்க வேன்ல..."

ஆறாவது முறை. மாதவியும் வருகிறேன் என்றாள். கமலநாதன் ஓட்டினார். பின் இருக்கையில் பிரவினும் மாதவியும் வழியெல்லாம் ஜப்பானிய மொழியில் பேசிப் பழகிக்கொண்டு வந்தார்கள். அவருக்குப் பாதி புரிந்தது. பாதி புரிவது ஒன்றும் புரியாததைவிடக் கொடுமை. பெட்டியை இறக்கினார், கைகுலுக்கினார், கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் பிரவின் மறையும்வரை கையாட்டினார். வயிறு எரிந்தது. வண்டிக்குத் திரும்பி வந்து, சாவியைக் கையில் வைத்துக்கொண்டு கதவருகே நின்றார்.

"ஜூலைல வர அடுத்த தேர்வுக்குப் பதிஞ்சிட்டீங்கதானே?" என்றாள் மாதவி.

"பதிஞ்சாச்சு."

"இன்னிக்கு எத்தனை பாக்கி?"

பூஜ்யம் என்று வாய்வரை வந்தது. "இருநூத்திப் பதினாலு" என்றார். "காட்டுங்க" என்றாள். போனை நீட்டினார். பழைய ஞாபகத்தில் கை தானாக அவளிடமே கொடுக்கப் போயிற்று.

மாதவி போனை வாங்கவில்லை. மற்றக் கையிலிருந்த சாவியை எடுத்துக்கொண்டாள்.

"நீங்க அந்தப் பக்கம் ஏறுங்க. நான் ஓட்டுறேன். கிள்ளான் போய்ச் சேர ஒரு மணி நேரம் இருக்கு."

இருபது வருஷமாக வைத்திருந்த வேனில் கமலநாதன் முதன்முதலாக இடதுபக்கம் ஏறி உட்கார்ந்தார். பெல்ட் எங்கே இருக்கிறது என்று தேட வேண்டியிருந்தது. மாதவி கண்ணாடியைச் சரிசெய்து, இருக்கையை முன்னால் இழுத்து, வண்டியைக் கிளப்பினாள். அவரைவிட மெதுவாக, அவரைவிட நன்றாகவே ஓட்டினாள். அதற்கும் ஒரு பொருமல் வந்தது. இரண்டு வளைவு தாண்டி, முதல் டோல் வருவதற்குள் ஆப்பைத் திறந்து முதல் அட்டையைப் பார்த்தார். கொஞ்ச நேரம் யோசித்தார். பக்கத்தில் இருப்பவளைக் கேட்டால் உடனே சொல்லிவிடுவாள்.

கேட்கவில்லை. 'தெரியாது' என்று அமுக்கினார்.